நாள்வழி நிரல்: தரவுத்தளத்தில் காலத்தை வரிசைப்படுத்துதல்



ஒரு நிகழ்ச்சி மற்றொன்றுக்கு முன்னர் நடந்ததா, பின்னர் நடந்ததா என்பது தெரியாமல் வரலாறு எழுத இயலாது. எது முதல் நாளிதழ், எது முதல் சிறுகதை, எந்தக் கட்டுரைக்கு எந்தக் கட்டுரை மறுப்பாக எழுந்தது என்னும் ஆய்வு வினாக்கள் அனைத்தும் இறுதியில் நாள் வரிசையிலேயே வந்து நிற்கின்றன. முற்காலத்தில் இவ்வரிசையை ஆய்வாளர் தம் கையால் அமைத்தார். இதழ்க் கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் குறிப்புச் சீட்டுகளில் எழுதி, அச்சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கினார். இன்று அவ்வடுக்கலைத் தரவுத்தளம் செய்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்னியல் நாளிதழ்க் களஞ்சியத்தில் ஒரு சொல்லைத் தேடும் மாணவர், கிடைத்த முடிவுகளை நாள் முறைப்படி அடுக்குமாறு கணினியைப் பணிக்கிறார். ஒரு நொடியில் வரிசை திரையில் தோன்றுகிறது. அவ்வரிசையை அவர் ஐயமின்றி நம்புகிறார்.

அந்நம்பிக்கை எப்பொழுது தகும், எப்பொழுது தகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளிகளிலும் சமூக அமைப்புகளிலும் நூற்பட்டியல், மலர்த் தொகுப்பு, நிழற்படக் களஞ்சியம் முதலியவற்றை நாமே கணினியில் ஏற்றத் தொடங்கியிருக்கும் காலம் இது. நாளை நாம் எவ்வாறு பதிகிறோமோ அவ்வாறே நாளைய மாணவர் நம் வரலாற்றைப் படிப்பர்.

அட்டவணைக்கு இயல்பான வரிசை இல்லை

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. ஒவ்வோர் அட்டவணையிலும் கிடைவரிசைகள் பதிவுகளாகவும், நெடுவரிசைகள் புலங்களாகவும் அமைகின்றன. நூற்பட்டியல் ஒன்றில் தலைப்பு, ஆசிரியர், வெளியான நாள் என்பன புலங்கள்; ஒவ்வொரு நூலும் ஒரு பதிவு.

இன்று பெருவழக்கில் உள்ள உறவுமுறைத் தரவுத்தளத்திற்கு அடித்தளமிட்டவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். 1970ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஆய்வுரையில் அவர் அட்டவணையைக் கணிதத்தில் வரும் கணத்திற்கு ஒப்பாகக் கருதினார். கணத்தில் உறுப்புகள் உண்டு. அவற்றுள் முதலாவது, இரண்டாவது என்னும் முறை கிடையாது. எனவே தரவுத்தள அட்டவணையில் உள்ள பதிவுகளுக்கும் தமக்கெனச் சொந்த வரிசை இல்லை.

இதன் விளைவு பலரும் எண்ணிப் பாராதது. வரிசையைக் குறிப்பிடாமல் வினவினால், பதிவுகளை எம்முறையிலும் தருவதற்குத் தரவுத்தளத்திற்கு உரிமை உண்டு. பெரும்பாலான நேரங்களில் பதிந்த முறையிலேயே அவை வந்து நிற்கும்; அதனால் அதுவே உறுதியான வரிசை என்று பயனர் எண்ணிவிடுவார். பதிவுகள் திருத்தப்பட்ட பின்னரோ, அட்டவணை பெருகிய பின்னரோ ஒருநாள் அவ்வரிசை மாறிவிடும். கணினி அன்று தவறு செய்வதில்லை. கேட்கப்படாத ஒன்றைத் தராமல் இருக்கிறது, அவ்வளவே.

வரிசை வேண்டுமெனில் அதைக் கேட்டுப் பெற வேண்டும். எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழியில் அதற்கென உள்ள தொடர் ‘ஆர்டர் பை’. அத்தொடரை அடுத்து ‘நாள்’ என்னும் புலத்தின் பெயரைக் கொடுத்தால், பழையது முதலில் நிற்கும் ஏறுவரிசை கிடைக்கும். அதனுடன் ‘டெஸ்க்’ என்னும் குறிப்பைச் சேர்த்தால், புதியது முதலில் நிற்கும் இறங்குவரிசை கிடைக்கும்.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. அண்மையில் வெளிவந்த பத்து நூல்கள் வேண்டுமெனில், முதலில் அனைத்தையும் இறங்குவரிசையில் அடுக்கிப் பின்னர் மேலிருந்து பத்தை எடுத்தல் வேண்டும். ஏதேனும் பத்தை எடுத்துக்கொண்டு பின்னர் அவற்றை அடுக்கினால், அழகாக அடுக்கப்பட்ட ஏதோ பத்து நூல்கள் கிடைக்குமேயன்றி அண்மைய பத்து கிடைக்கா. இரண்டு விடைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதன் இடர்.

எழுத்தாகப் பதிந்த நாள்

வரிசையைக் கேட்டுப் பெற்ற பின்னரும் பிழை நேரக்கூடும். நாளை எழுத்தாகப் பதிவதே அதற்குத் தலையாய காரணம்.

நம் வரலாற்றில் அனைவரும் அறிந்த நான்கு நாள்களை எடுத்துக்கொள்வோம். தமிழ் முரசு தொடங்கப்பட்டது 06-07-1935. மலாயா விடுதலை பெற்றது 31-08-1957. மலேசியா உருவானது 16-09-1963. சிங்கப்பூர் தனி நாடானது 09-08-1965. இந்நான்கையும் வெறும் எழுத்துகளாகப் பதிந்து ஏறுவரிசையில் கேட்டால் கணினி தரும் விடை பின்வருமாறு அமையும்:

06-07-1935
09-08-1965
16-09-1963
31-08-1957

தமிழ் முரசு தோன்றியவுடன் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிகிறது. அதன் பின்னர் மலேசியா உருவாகிறது. அனைத்துக்கும் இறுதியாக மலாயா விடுதலை பெறுகிறது. தொடக்கப்பள்ளி மாணவரும் இதைக் கண்டு நகைப்பர். ஆனால், கணினி தனக்கிட்ட பணியைச் சரியாகவே செய்திருக்கிறது. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல, இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டது. 0, 1, 3 என்னும் முதல் எழுத்துகளே பெரும்பாலும் வரிசையை முடிவுசெய்துவிட்டன. ஆண்டு கடைசியில் நிற்பதால் கணினியின் பார்வை அதுவரை செல்லவே இல்லை.

நான்கு பதிவுகளில் இப்பிழை கண்ணுக்குத் தெரியும். நாலாயிரம் பதிவுகளில், அதுவும் அவ்வளவாக அறியப்படாத சிற்றிதழ்களின் நாள்களில், இது தெரியாது.

மாதப் பெயரை எழுத்தில் பதிவோர்க்கும் இதே நிலைதான். தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்கினால் அக்டோபர் முதலிலும் ஆகஸ்ட் அதனை அடுத்தும் வரும். ஆண்டின் முதல் மாதமாகிய ஜனவரி பட்டியலின் கடைப்பகுதிக்குப் போய்விடும். கணினியில் தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடு வழங்கியுள்ள எண்களின்படி அடுக்கினாலோ வேறொரு வரிசை பிறக்கும். நெடுங்கணக்கில் லகரத்திற்குப் பின்னர் வரும் னகரம், யூனிகோடு அட்டவணையில் நகரத்தை அடுத்து, லகரத்திற்கு முன்னரே வைக்கப்பட்டுள்ளது. ஆகையால் நெடுங்கணக்கு வரிசையில் ஜூலைக்குப் பின் ஜூனும், யூனிகோடு வரிசையில் ஜூனுக்குப் பின் ஜூலையும் நிற்கும். பின்னதில் அவ்விரு மாதங்களும் சரியான முறையில் அமைவது தற்செயலே. அதைக் கண்டு ஏனைய பத்து மாதங்களும் சரியாகவே இருக்கும் என்று நம்பிவிடுவது எளிது.

பெரியதிலிருந்து சிறியதற்கு

இதற்குரிய தீர்வு எளியது. ஆண்டை முதலிலும், மாதத்தை அடுத்தும், நாளை இறுதியிலும் எழுதுவதே அது. 1988ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்ட ஐஎஸ்ஓ 8601 என்னும் அனைத்துலகத் தரம் இம்முறையையே வகுத்துள்ளது. மேற்கண்ட நான்கு நாள்களும் அம்முறையில் இவ்வாறு அமையும்:

1935-07-06
1957-08-31
1963-09-16
1965-08-09

இப்பொழுது எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிட்டன. கணினி இவற்றை எழுத்தாகக் கருதினாலும் நாளாகக் கருதினாலும் விடை மாறாது. மாதத்தையும் நாளையும் எப்பொழுதும் இரண்டு இலக்கங்களில் எழுதுதல் இம்முறையின் இன்றியமையாத பகுதி. 1935-7-6 என்றும் 1935-10-2 என்றும் பதிந்தால், எழுத்து ஒப்பீட்டில் 1 என்னும் இலக்கம் 7க்கு முன்னர் நிற்பதால் அக்டோபர், ஜூலைக்கு முன்னே போய்விடும். ஒரு சுழியம் அதைத் தடுத்துவிடுகிறது.

தமிழருக்கு இவ்வரிசை புதியதன்று. “1935ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள்” என்பதே நம் செந்நடை. திருமண அழைப்பிதழிலும் ஆண்டின் பெயரை முதலில் கூறி, மாதத்தை அடுத்துக் கூறி, அதன் பின்னரே நாளைக் கூறுகிறோம். காலத்தைப் பெரிய அளவிலிருந்து சிறிய அளவுக்குச் சுருக்கிச் செல்லும் வழக்கு இது. அனைத்துலகத் தரம் வேண்டும் ஒழுங்கு நம் மொழிநடையிலேயே இருப்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டினால், அம்முறை அவர்கள் மனத்தில் எளிதில் பதியும்.

நாளா, மாதமா?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்க வழக்கில் மாதம் முதலில் வருகிறது. நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் பலவற்றில், நாமாக மாற்றாதவரை, அமெரிக்க வழக்கே அமைந்திருப்பதுண்டு. 06/07/1935 என்பதை நாம் ஜூலை 6 எனப் படிக்கிறோம். அத்தகைய மென்பொருள் அதனை ஜூன் 7 எனப் படிக்கும். இரண்டும் நாள்காட்டியில் உள்ள நாள்களே ஆதலின் எந்த எச்சரிக்கையும் எழாது.

இதன் பரப்பைக் கணக்கிட்டுக் காண்போம். ஒரு மாதத்தின் முதல் 12 நாள்களை மட்டுமே மாதமாகவும் படிக்க இயலும். 12 மாதங்களுக்கு அத்தகைய நாள்கள் 144. இவற்றுள் 01/01, 02/02 போன்று நாளும் மாதமும் ஒத்திருக்கும் 12 நாள்கள் எவ்வாறு படித்தாலும் மாறா. எஞ்சிய 132 நாள்கள் தவறான நாளாக மாறிவிடும். ஆண்டின் 365 நாள்களில் மீதமுள்ள 221 நாள்களை அம்மென்பொருளால் நாளாகப் படிக்கவே இயலாது; அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிடும் அல்லது ஏற்க மறுக்கும்.

ஓர் இதழில் நடந்த சொற்போரை இம்முறையில் பதிந்ததாகக் கொள்வோம். நவம்பர் 5இல் ஒருவர் கட்டுரை எழுதுகிறார். நவம்பர் 12இல் மற்றொருவர் மறுக்கிறார். நவம்பர் 19இல் முன்னவர் விடையளிக்கிறார். தவறாகப் படித்த கணினியில் முதற்கட்டுரை மே 11க்கும், மறுப்பு டிசம்பர் 11க்கும் சென்றுவிடும். விடையோ நாளற்ற பதிவாக ஒதுங்கிவிடும். ஒரு வார இடைவெளியில் நிகழ்ந்த சூடான வாதம், ஏழு மாதம் ஆறப்போட்ட மறுப்பாகத் தோன்றும். அதைக் கொண்டு எழுதப்படும் ஆய்வேட்டில், அம்மறுப்பு ஏன் அத்துணைக் காலம் தாழ்ந்தது என்பதற்குக் காரணமும் கற்பிக்கப்படலாம். நாள் பிழை இவ்வாறுதான் கருத்துப் பிழையாகிறது.

கணினி நாளை எண்ணும் முறை

எழுத்தாகப் பதியாமல் ‘நாள்’ என்னும் தரவு வகையாகவே புலத்தை அமைப்பது இவ்விடர்களைப் பெரிதும் நீக்கும். அவ்வாறு அமைத்தால் கணினி உள்ளே சேமிப்பது ஓர் எண்ணை. குறிப்பிட்ட ஒரு தொடக்கத்திலிருந்து எத்தனை நாள், அல்லது எத்தனை நொடி, கடந்துள்ளது என்பதே அவ்வெண். எண்களை ஒப்பிடுவது எளிது; அதனால் வரிசையும் பிழைபடாது. பிப்ரவரி 30 என்று யாரேனும் பதிய முயன்றால் அதனை ஏற்காது என்பது மற்றொரு நன்மை.

ஆனால், தொடக்க நாள் கருவிக்குக் கருவி வேறுபடும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பள்ளிகளில் பெரிதும் பயன்படும் எக்செல் விரிதாளில் 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளே எண் 1. அதற்கு முந்தைய நாள்களை அது நாளாக ஏற்பதில்லை, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். அவ்விரிதாளின் ஏறுவரிசையில் எண்கள் முன்னரும் எழுத்துகள் பின்னரும் நிற்கும். ஆகவே 1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழின் நாள்களையும், 1935ஆம் ஆண்டு முதலான தமிழ் முரசு நாள்களையும் ஒரே நெடுவரிசையில் இட்டு அடுக்கினால், சிங்கை நேசன் தமிழ் முரசுக்குப் பின்னர் வந்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இதழியலை ஆராய்வோர்க்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. அத்தகைய தொகுப்புகளில் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை மூன்று தனி எண் புலங்களாகப் பதிந்து, அம்மூன்றையும் அதே முறையில் வரிசைக்குக் கொடுப்பது பாதுகாப்பான வழி.

ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதும் பழக்கமும் கைவிடத்தக்கது. 35 என்பது 1935ஆ, 2035ஆ? எக்செல் பொதுவாக 30 முதல் 99 வரையிலான எண்களை 1900களுக்கும், 00 முதல் 29 வரையிலானவற்றை 2000களுக்கும் உரியனவாகக் கொள்ளும். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளமோ 70 முதல் 99 வரையிலானவற்றை மட்டுமே 1900களுக்கு உரியனவாகக் கொள்ளும். ஏனையவை 2000களைச் சேரும். எனவே ’35 எனப் பதிந்த ஒரே நாள் ஓரிடத்தில் கடந்த காலமாகவும் மற்றோரிடத்தில் எதிர்காலமாகவும் மாறும்.

நள்ளிரவும் அரைமணி நேரமும்

நாளுடன் நேரத்தையும் சேர்த்துப் பதியும் அமைப்புகளில் இன்னொரு சிக்கல் எழுகிறது. பல அமைப்புகள் உள்ளூர் நேரத்தை உலகப் பொது நேரத்திற்கு மாற்றிச் சேமிக்கின்றன. இன்று சிங்கப்பூரும் மலேசியாவும் உலகப் பொது நேரத்திற்கு எட்டு மணி நேரம் முன்னே உள்ளன. எப்பொழுதும் அவ்வாறு இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டின் இறுதிவரை சிங்கப்பூருக்கும் மலேசியத் தீபகற்பத்திற்கும் அவ்வேறுபாடு ஏழரை மணி நேரம். சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்க மலேசியா முடிவுசெய்தது. சிங்கப்பூரும் அதனைப் பின்பற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணிக்குக் கடிகாரங்கள் நள்ளிரவுக்கு நகர்த்தப்பட்டன. அவ்விரவில் அரைமணி நேரம் கடிகாரத்தில் தோன்றவே இல்லை.

1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 என்று மட்டும் பதிந்தால், நேரம் கொடுக்கப்படாத நிலையில் சில அமைப்புகள் அதனை அந்நாளின் நள்ளிரவு எனக் கொள்ளும். அதனை உலகப் பொது நேரத்திற்கு மாற்றினால் ஆகஸ்ட் 8 மாலை 4.30 ஆகிவிடும். நாளை மட்டும் வெட்டிக் காட்டும் திரையில் சிங்கப்பூரின் விடுதலை நாள் ஆகஸ்ட் 8 எனத் தோன்றும். அவ்வாறே மலாயாவின் விடுதலை நாளும் ஆகஸ்ட் 30க்குப் பின்வாங்கும். ஒரு தொகுப்பில் எல்லா நாள்களும் ஒரு நாள் பின்தங்கியிருக்கக் கண்டால் இக்காரணத்தையே முதலில் ஐயுறுதல் வேண்டும். இதழ் வெளிவந்த நாள், நூல் வெளியான நாள் போன்றவற்றிற்கு நேரம் தேவையில்லை. தேவையற்ற நேரத்தைச் சேர்க்காமல், நாள் மட்டும் கொள்ளும் தரவு வகையைத் தேர்வதே உரியது.

அறுபது ஆண்டுச் சுழற்சியும் திருவள்ளுவர் ஆண்டும்

தமிழ்த் தொகுப்புகளுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. பழைய நூல்களின் முகப்பில் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுப் பெயர்களுள் ஒன்றே அச்சிடப்பட்டிருப்பதுண்டு. இப்பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கினால், சுழற்சியின் அறுபதாம் ஆண்டாகிய அட்சய முதலில் வந்து நிற்கும். முதலாம் ஆண்டாகிய பிரபவ நடுவில் எங்கோ மறைந்துவிடும்.

ஒவ்வொரு பெயருக்கும் அதன் வரிசை எண்ணைக் கொடுத்தாலும் சிக்கல் முழுமையாகத் தீர்வதில்லை. சுழற்சி மீண்டும் மீண்டும் வருகிறது. ஒன்பதாம் ஆண்டாகிய யுவ என்பதைக் காண்க. தமிழ் முரசு தோன்றிய 1935-36 யுவ ஆண்டு. அதற்கு அறுபது ஆண்டு முந்தைய 1875-76உம் யுவ ஆண்டே. சிங்கப்பூரின் முதல் தமிழ் இதழாகக் குறிப்பிடப்படும் ‘சிங்கை வர்த்தமானி’ 1875ஆம் ஆண்டுக்கு உரியது என்பர். 1995-96உம் யுவ ஆண்டே. ஆண்டுப் பெயரை மட்டும் கொண்டு மூன்று தலைமுறைகளைப் பிரித்தறிய இயலாது. மேலும், தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், 1936ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த நூலும் யுவ ஆண்டையே தாங்கியிருக்கும்.

திருவள்ளுவர் ஆண்டு தொடர்ந்து எண்ணப்படுவதால் அதில் சுழற்சிச் சிக்கல் இல்லை. பொது ஆண்டுடன் 31ஐக் கூட்டினால் அது கிடைக்கும். ஆயினும் இரண்டையும் ஒரே புலத்தில் கலந்து பதிந்தால் விளையும் கேடு பெரிது. 1935ஆம் ஆண்டு ஜூலையின் திருவள்ளுவர் ஆண்டு 1966. அவ்வெண்ணைப் பொது ஆண்டுப் புலத்தில் இட்டால், போருக்கு முந்தைய வெளியீடு ஒன்று சிங்கப்பூர் விடுதலை பெற்றதற்கு அடுத்த ஆண்டில் வந்து அமரும். 1966 என்பது நம்பத்தகுந்த எண்ணாக இருப்பதால் யாரும் ஐயுற மாட்டார். தமிழ் முஸ்லிம்களின் பழைய நூல்களில் காணப்படும் ஹிஜ்ரி ஆண்டோ சந்திரனின் வழிப்பட்டது. சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. அதனை ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ மாற்ற இயலாது. உரிய அட்டவணையைக் கொண்டே மாற்றுதல் வேண்டும்.

பழங்கல்வெட்டு ஆய்வாளர்கள் இத்தகைய சிக்கலை முன்னரே எதிர்கொண்டவர்கள். சோழர் கல்வெட்டுகள் மன்னரின் ஆட்சியாண்டையே குறிக்கின்றன. மன்னர் மாறும்போது எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களும் மாறிமாறி வரும். கல்லில் உள்ளதை உள்ளவாறே படியெடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு இணையான பொது ஆண்டைத் தனியே கணித்து எழுதுவதே அவர்கள் கண்ட நெறி. தரவுத்தளத்திற்கும் அந்நெறியே பொருந்தும். நூலில் அச்சிடப்பட்ட நாளை ஒரு புலத்தில் மாற்றமின்றிப் பதிக. அதிலிருந்து கணித்த பொது ஆண்டு நாளை மற்றொரு புலத்தில் பதிக. வரிசைக்குப் பின்னதைப் பயன்படுத்துக. கணிப்பில் பிழை இருந்தால் பிறர் அதனைத் திருத்துவதற்கு முன்னது சான்றாக நிற்கும்.

தெரியாத நாள்

நாளே இல்லாத நூல்களும் உண்டு. ஆண்டு மட்டும் தெரிந்தவை, பத்தாண்டு மட்டும் தெரிந்தவை எனப் பலவகை. புலத்தை வெற்றாக விட்டால், வரிசையில் அப்பதிவு எங்கு நிற்கும் என்பது தரவுத்தளத்தைப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல், ஆரக்கிள் ஆகியவை ஏறுவரிசையில் வெற்றுப் பதிவுகளை இறுதியில் வைக்கும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகியவை முதலில் வைக்கும். நாள் தெரியாத நூல் ஓர் அமைப்பில் மிகப் பழையதாகவும் மற்றோர் அமைப்பில் மிகப் புதியதாகவும் தோற்றமளிக்கும் என்பது இதன் பொருள். ‘முதல் நூல் எது?’ என்று வினவும் மாணவருக்குப் பட்டியலின் தலையில் நிற்கும் வெற்றுப் பதிவே விடையாகிவிடக் கூடாது.

வெற்றிடத்தைத் தவிர்க்க ஜனவரி முதல் நாள் என்று நிரப்புவோர் பலர். 1936 என்று மட்டும் தெரிந்த நூலை 1936-01-01 எனப் பதிவர். இதனால் வரிசை கிடைக்கும், உண்மை கெடும். அவ்வாண்டின் எல்லா நூல்களுக்கும் முன்னர் அந்நூல் நிற்கும். ஆண்டுக்கணக்கில் தொகுத்த பட்டியலில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் புத்தாண்டு நாளிலேயே வெளிவந்தன என்னும் விந்தையான முடிவும் பிறக்கும்.

நூலகவியலார் இதற்கு நேர்மையான வழி கண்டுள்ளனர். 1930களில் ஏதோ ஓர் ஆண்டு என்பதை நான்காம் இலக்கத்தை வெளிப்படையாக விட்டுக் குறிக்கும் முறை நூற்பட்டியல்களில் நெடுங்காலமாக உண்டு. ஐயத்திற்குரிய நாள், ஏறத்தாழக் கணித்த நாள், பகுதி மட்டும் தெரிந்த நாள் ஆகியவற்றைக் குறிக்கும் முறைகள் 2019ஆம் ஆண்டில் ஐஎஸ்ஓ 8601 தரத்தின் இரண்டாம் பகுதியிலும் இடம்பெற்றன. பள்ளி அளவிலான தொகுப்புக்கு இன்னும் எளிய முறை போதும். ‘இதற்கு முந்தியதன்று’ என ஒரு புலமும், ‘இதற்குப் பிந்தியதன்று’ என மற்றொரு புலமும் அமைக்க. 1936 மட்டும் தெரிந்த நூலுக்கு 1936-01-01, 1936-12-31 என இரண்டும் நிரம்பும். முன்னதைக் கொண்டு வரிசைப்படுத்தலாம். இரண்டுக்கும் இடையிலான அகலம் நம் அறியாமையின் அளவைக் காட்டும்.

ஒரே நாளில் பல பதிவுகள்

ஒரே நாளில் வெளிவந்த பத்துச் செய்திகளுள் எது முதலில் நிற்க வேண்டும்? நாளை மட்டும் வரிசைக்குக் கொடுத்தால் அப்பத்துக்குள் எம்முறையும் அமையலாம். அடுத்த முறை கேட்கும்பொழுது அது மாறவும் செய்யலாம். முடிவுகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும் அமைப்பில் இதன் விளைவு கடுமையானது. முதற்பக்கத்தின் இறுதியில் கண்ட பதிவு இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் மீண்டும் தோன்றலாம். அதற்கீடாக வேறொரு பதிவு எந்தப் பக்கத்திலும் தோன்றாமலே போகலாம். தேடிய செய்தி இல்லை என்று மாணவர் முடிவுசெய்துவிடுவார்; அது களஞ்சியத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

இதனைத் தவிர்க்க வரிசைக்கு இரண்டாம், மூன்றாம் அளவுகோலையும் கொடுத்தல் வேண்டும். நாளிதழாயின் நாள், பக்க எண், பதிவெண் என மூன்றையும் அம்முறையில் கொடுக்கலாம். பதிவெண் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தன்மை உடையதாதலால் வரிசையில் ஐயத்திற்கு இடமிருக்காது.

எந்த நாளைக் கொண்டு அடுக்குகிறோம் என்பதையும் தெளிவுபடுத்துதல் வேண்டும். நிகழ்ச்சி நடந்த நாள் வேறு. செய்தி வெளிவந்த நாள் வேறு. அப்பக்கம் கணினியில் ஏற்றப்பட்ட நாள் வேறு. புலத்திற்கு வெறுமனே ‘நாள்’ எனப் பெயரிடாமல் ‘வெளியான நாள்’, ‘நிகழ்ந்த நாள்’, ‘பதிந்த நாள்’ எனப் பெயரிட்டால், பத்தாண்டுகளுக்குப் பின்னர் அதனைக் கையாள்வோர்க்கும் குழப்பம் நேராது.

வகுப்பறையில் செய்யத்தக்கது

மேற்கண்டவற்றை மாணவர் செய்து பார்த்தே உணர்தல் நலம். பள்ளியின் ஆண்டு மலர்களிலிருந்தோ, வட்டார நூலகத்தில் உள்ள தமிழ் நூல்களிலிருந்தோ முப்பது பதிவுகளைத் திரட்டச் செய்யலாம். மாணவர் குழுக்கள் நாளைத் தாம் விரும்பிய முறையில் பதியட்டும். பின்னர் எல்லாக் குழுக்களின் பதிவுகளையும் ஒன்றிணைத்து ஏறுவரிசையில் அடுக்கச் செய்க. கிடைக்கும் வரிசையில் உள்ள முரண்களை அவர்களே கண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறட்டும். கணினிப் பாடமும் வரலாற்றுப் பாடமும் தமிழ்ப் பாடமும் ஒரே மேசையில் கூடும் பயிற்சி இது.

அடுத்து, எந்தத் தரவுத்தளத்திலிருந்தும் நாள் வரிசையைப் பெற்றவுடன் மூன்று இடங்களைப் பார்க்கும் பழக்கத்தை ஊட்டலாம். முதலாவது, பட்டியலின் தலை. வெற்றுப் பதிவுகளும் நம்பவொண்ணாப் பழைமையும் அங்குத் தெரியும். இரண்டாவது, பட்டியலின் கடை. எதிர்கால நாள்களும் எழுத்தாக ஒதுங்கிய நாள்களும் அங்குத் தெரியும். மூன்றாவது, நாம் உறுதியாக அறிந்த ஏதேனும் ஒரு நாள். அது தன் இடத்தில் நிற்கிறதா என்று காண்க. ஆகஸ்ட் 9ஆம் நாள் செய்தி ஆகஸ்ட் 8இல் நின்றால் ஏனையவற்றையும் ஐயுறுக.

நம் முன்னோர் நடத்திய இதழ்கள் பல நின்றுவிட்டன. 1924ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019ஆம் ஆண்டில் தன் பயணத்தை முடித்துக்கொண்டது. அவற்றின் பக்கங்கள் இனி அச்சில் வளரப்போவதில்லை. மின்வடிவில் பதியப்பட்டு, தேடப்பட்டு, வரிசைப்படுத்தப்பட்டே படிக்கப்படும். தாள் கட்டில் ஓரிதழ் இடம் மாறியிருந்தால் அதன் முகப்பே அதனைக் காட்டிக்கொடுக்கும். தரவுத்தளத்தில் இடம் மாறிய பதிவைக் காட்டிக்கொடுப்பதற்கு, அச்சிட்டவாறே நாளைப் பதிந்து வைத்த ஒரு புலமும், அதைச் சரிபார்க்கும் ஒரு வாசகரும் வேண்டும். முதலாவதை இன்று தொகுப்போர் செய்துவைத்தல் வேண்டும். இரண்டாமவரை உருவாக்கும் பொறுப்பு வகுப்பறைக்கு உரியது.